கரிநாள் பலகை

அத்தியாயம் 4

மல்லசமுத்திரம் தாண்டிப் பண்ணைக்குத் திரும்பும் மண்பாதையில், உச்சிவெயிலில் ஒரு சேவல் கூவியது. நேரங்கெட்ட நேரத்தில் கூவுகிற சேவலை நம்பக்கூடாது என்று துப்பறிவாளர் சாரதாமணி அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டாள்.

அவள் யாரையும் நம்புவதில்லை. அயோத்தியாப்பட்டணத்தில் டயர் கடை மாடியில் அலுவலகம் திறந்த நாளிலிருந்து, டீ கொண்டுவருகிறவரை ஒரு மடக்கு குடித்துக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் டம்ளரைத் தொடுவாள். கார் ஓட்டிவந்த உதவியாளன் ஈஸ்வர் அதற்கு நேர் எதிர். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏறி காஷ்மீர் வரை போர்வெல் போட்டவன். வெறும் பாறைக்குக் கீழே தண்ணீர் இருக்கும் என்று நம்பியே தலை நரைத்த ஆள், எதையும் நம்புவான். வாய் மட்டும் ரிக்கேதான். ஓட ஆரம்பித்தால் பாறை வந்தாலும் நிற்காது.

"சேவல் மேலயும் சந்தேகமுங்களா மேடம்?" என்றான்.

"அது சாட்சியா, குற்றவாளியான்னு இன்னும் தெரியலை. ஓரமா நிறுத்துங்க."

அவர்களை வரச்சொன்ன தமிழ்ச்செல்வி கேட்டருகே நின்றிருந்தாள். நாட்டுக்கோழி வளர்ப்பவள். கண்ணில் மூன்று ராத்திரித் தூக்கம் பாக்கி. சாரதாமணி வணக்கம்கூடச் சொல்லாமல் நேரே கோழி வெட்டறைக்குப் போனாள். பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அந்தத் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம். சாப்பிட்டுவிட்டு அப்படியே படுத்துத் தூங்கவும் செய்யலாம். அவ்வளவு சுத்தம். அதுவே அவளுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

விவகாரம் இதுதான். கோழியை உயிரோடு விற்றால் உணவுச் சட்டம் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. கழுத்தில் கத்தி பட்ட நொடியிலேயே கோழி 'உணவு' என்ற பெரிய பதவிக்கு உயர்ந்துவிடும். உணவாகிவிட்டால் வெட்டுகிறவருக்குப் பதிவு வேண்டும், ஓடு பதித்த அறை வேண்டும், தண்ணீருக்குப் பரிசோதனை, கழிவுக்குக் குழி எல்லாம் வேண்டும். இத்தனையும் வைத்துக்கொண்டாலும் சின்னப் பதிவுக்காரர் ஒரு நாளைக்கு ஐம்பது கோழிக்கு மேல் வெட்டக்கூடாது. தமிழ்ச்செல்வி இதில் ஒன்றைக்கூட விடவில்லை. அதனால்தான் வாட்டி, மஞ்சள் தடவி, தன் கேட்டிலேயே கறியாக விற்க முடிந்தது. அதற்கு முன்பெல்லாம் வியாபாரி வந்து உயிரோடு மொத்தமாக அள்ளிப் போவார், அவர் வாயிலிருந்து வருவதுதான் விலை. இப்போது விலை சொல்வது தமிழ்ச்செல்வியின் வாய்.

அந்த வாயைத்தான் யாரோ அடைக்கப் பார்க்கிறார்கள்.

மாட்டுப் பொங்கல் அன்று அவள் கோழி வெட்டி விற்றாள் என்று உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குப் பெயரில்லாத புகார் போயிருந்தது. அன்றைக்குத் திருவள்ளுவர் தினம். கறிக்கடைகள் எல்லாம் மூடச் சொல்லி உத்தரவு. புகார் உண்மை என்றால் பதிவு நிறுத்தப்படும். அலுவலர் சாயங்காலம் நேரில் வருகிறார். அதுவரை வெட்டறைக்குப் பூட்டு.

புகாரோடு வந்த ஆதாரம் ஒரே ஒரு போட்டோ. விளக்கம் கேட்டபோது அலுவலர் அதைத் தமிழ்ச்செல்விக்கு அனுப்பியிருந்தார். அவள் அதை யாருக்கும் காட்டவில்லை, அவமானமாக இருந்ததாம். போனை சாரதாமணியிடம் நீட்டினாள்.

அவளுடைய கேட்தான். பின்னால் கொம்புக்குப் பெயின்ட் அடித்து பலூன் கட்டிய மாட்டு ஜோடி ஒன்று ரோட்டைக் கடந்து போகிறது. ஆக மாட்டுப் பொங்கல் என்பதில் சந்தேகமே இல்லை. கேட்டில் சாத்தியிருந்த அவளுடைய சொந்தக் கரும்பலகையில் சாக்பீஸ் எழுத்து:

*இன்று கரிநாள் சிறப்பு. வெட்டிச் சுத்தம் செய்த நாட்டுக்கோழி கிடைக்கும்.*

"பலகை உங்களுது. கேட் உங்களுது. நீங்களே எழுதியிருக்கலாமே?"

தமிழ்ச்செல்வி கோபப்படவில்லை. "எழுதறதுக்கு நான் எங்க இருந்தேனுங்க? அன்னைக்குப் பொழுதுக்கும் மாட்டுப் பட்டியில இருந்தேன். ஊரே பட்டிப் பொங்கலுக்குத் தோட்டத்துப் பக்கம் போயிருச்சு. பலகை எப்பவும் கேட்லதான் கெடக்கும், சாக்பீஸுங்கூட அங்கயே கட்டித் தொங்குது. எவன் வேணா எழுதி, போட்டோ எடுத்துப்போட்டு, அழிச்சுட்டுப் போயிருக்கலாம்."

கையெழுத்து நிபுணரிடம் காட்டலாமா என்று ஈஸ்வர் கேட்டான். சாக்பீஸில் எழுதினால் உலகத்தில் எல்லார் எழுத்தும் ஒண்ணாம் வகுப்பு எழுத்துதான் என்று சாரதாமணி அதை அங்கேயே முடித்துவிட்டாள்.

வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் ஜெகதீஸ்வரன். சேலத்திலிருந்து 'விடியக்கோழி' என்று ஒரு செயலி நடத்துகிறார். போனில் தட்டினால் வீட்டுக்குக் கறி வரும். ஆனால் மனிதர் சுத்த சைவம். கேக்கில் முட்டை இருக்குமோ என்று பயந்து தன் பிறந்தநாளையே கொண்டாடாதவர் என்று ஈஸ்வர் காதோடு சொன்னான். சட்டைப் பையில் பேனா, மடியில் ஒப்பந்தக் காகிதம். வந்தது உதவி செய்ய. பதிவு போனால் போகட்டும், கோழியை எல்லாம் உயிரோடு மொத்தமாகத் தானே எடுத்துக்கொள்வதாகத் தமிழ்ச்செல்விக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாரதாமணி போட்டோவைக் காட்ட நீட்டினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எனக்கு எதுக்குங்க அந்தக் கருமமெல்லாம். நான் பாக்கவும் இல்லை, பாக்கவும் வேண்டாம். பாவம் அம்மிணி, மனசு ஒடைஞ்சு போயிருக்குது. நீங்க ஆளைக் கண்டுபுடிங்க, போதும்."

பண்பான பேச்சு. அந்தப் பண்பின் மீதும் சாரதாமணி கொஞ்சம் சந்தேகத்தைத் தூவிவிட்டு, ஊரில் யாருக்கு உங்கள் மேல் காட்டம் என்று தமிழ்ச்செல்வியைக் கேட்டாள்.

யோசிக்கவே இல்லை அவள். "கறிக்கடை மணியனுக்குத்தானுங்க."

*

மணியன் கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே. அவர் கத்தியை ஓங்கினால் திருச்செங்கோட்டு மலை வரைக்கும் வெளிச்சம் அடிக்கும் என்று ஊரில் பேச்சு. ஓங்கிக்கொண்டுதான் இருந்தார்.

"மேடம், கையில கத்தி வெச்சிருக்கறவங்ககிட்டக் கேள்வியைக் கொஞ்சம் பதமாக் கேளுங்க," என்று ஈஸ்வர் அவளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

சாரதாமணிக்குப் பதம் தெரியாது. தமிழ்ச்செல்வி மேல் புகார் போட்டது நீங்கள்தானே என்று கேட்டாள். கடையில் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பஸ் ஸ்டாண்டைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

மணியன் கத்தியைக் கட்டையில் குத்தி நிறுத்தினார். மறைக்கவே இல்லை. அந்தப் பொம்பளை வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தில் பாதி அவள் கேட் பக்கம் போய்விட்டது, சேலத்திலிருந்து கார் போட்டு வருகிறவன்கூடத் தன் கடையைத் தாண்டித்தான் போகிறான், ராத்திரி அவள் பண்ணை கனவில் வந்து கூவுகிறது என்றெல்லாம் வயிற்றெரிச்சலைக் கொட்டித் தீர்த்தார்.

"நானே ஒரு பெட்டிசன் போடலாமுன்னுதான் இருந்தேன்," என்றார் கடைசியில், வருத்தமாக. "எவனோ முந்திக்கிட்டான்."

இப்படிப் பேசுகிறவனை நம்பலாமா, நம்பாமல் இருக்கலாமா? சாரதாமணியே ஒரு நொடி தடுமாறினாள். அப்போதுதான் அவள் கண் மணியனின் தலைக்கு மேலே போனது. பொங்கல் முடிந்தும் கழற்றாத ஒரு அட்டை அங்கே தொங்கியது: *கறிநாள் ஸ்பெஷல்.*

"இது எந்த நாளுக்குங்க எழுதினது?"

ரோட்டில் போகிற லாரிக்கு எத்தனை சக்கரம் என்று கேட்டவளைப் பார்ப்பதுபோல மணியன் அவளைப் பார்த்தார். "கறிநாளுக்குத்தான். மாட்டுப் பொங்கலுக்கு அடுத்த நாளு. வேற எப்ப வரும்?"

"மாட்டுப் பொங்கல் அன்னைக்குன்னு யாராவது சொல்லுவாங்களா?"

"எவனுங்க சொல்லுவான்? மாட்டுப் பொங்கலுக்குக் கடையே சாத்தியிருக்கும். அடுத்த நாளுதான் ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் வந்து எறங்குவாங்க. விடியறதுக்குள்ள கடை முன்னால தேர்த் திருவிழாக் கூட்டம். வருஷத்துக்கு ஒருக்காத்தான் கறிநாளு. அதைக்கூட மறந்தா நான் எதுக்குக் கடை வெக்கறது?"

"எழுத்துப் பிழையா இருக்கே. கரிநாளுக்கு சின்ன ர இல்லையா?"

"கறி திங்கற நாளு கறிநாளு. பெரிய ற போடாம, அடுப்புக்கரியா திங்கறது?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருத்தருக்குக்கூட அதில் பிழை இருப்பதாகத் தோன்றவில்லை. சாரதாமணி அரைக்கிலோ கறி வாங்கிக்கொண்டு காருக்கு வந்தாள். சந்தேகப்பட்ட ஆளிடமே அவள் சாமான் வாங்கியது சரித்திரத்தில் அதுவே முதல் தடவை.

"அப்ப மணியன் இல்லைங்களா?" என்றான் ஈஸ்வர்.

"எழுதினவன் ரெண்டு காரியம் பண்ணியிருக்கான். மாட்டுப் பொங்கல் அன்னைக்கே 'இன்று கரிநாள்'னு எழுதியிருக்கான். அதையும் சரியான ர போட்டு எழுதியிருக்கான். கறி வெட்டறவனோ திங்கறவனோ ரெண்டையும் செய்யமாட்டான். நாளைத் தப்பாச் சொல்லமாட்டான், எழுத்தைச் சரியா எழுதமாட்டான்."

"அப்ப நம்ம திருடன் நாளைத் தப்பா வெச்சு, தமிழைச் சரியா எழுதற ஆளு." ஈஸ்வர் கியரை மாற்றினான். "ஸ்கூல் வாத்தியாருங்களை எல்லாம் வளைச்சுப் புடிச்சரலாமுங்களா? எனக்கும் பழைய கணக்கு ஒண்ணு இருக்குது, ஒன்பதாவதுல என்னை ஃபெயில் பண்ணுனவரு."

சாரதாமணி யோசித்துக்கொண்டே வந்தாள். ஒருவன் ஒரு நாளை ஏன் தப்பாகச் சொல்லவேண்டும்? அதுவும் அத்தனை தைரியமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல்? தெரியாதவன் என்றால் தேதி போட்டிருப்பான், இல்லை வெறுமனே 'இன்று' என்று விட்டிருப்பான். இவன் கரிநாள் என்று தெரிந்தேதான் எழுதியிருக்கிறான். யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். யார் சொல்லியிருப்பார்கள் என்பதுதான் பிடிபடவில்லை.

*

அவர்கள் திரும்பிவந்தபோது அலுவலர் உஷாராணியின் ஸ்கூட்டர் கேட்டருகே நின்றிருந்தது. கறார் என்று பெயரெடுத்தவர். அவர் ஒரு கடைக்குள் நுழைந்தால் ஈக்கள் தாமாகவே வெளியேறிவிடும் என்பார்கள். வெட்டறையைத் திறக்கச் சொல்லி ஒவ்வொன்றாகப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் முகத்தில் இரக்கமில்லை.

"அறை சுத்தமா இருக்குதுங்க. ஆனா மூடல் நாள்ல வெட்டினீங்களா இல்லையாங்கறதுதான் கேள்வி. போட்டோ இருக்குது. இல்லைங்கறதுக்கு உங்ககிட்ட என்ன இருக்குது?"

தமிழ்ச்செல்வி சாரதாமணியைப் பார்த்தாள். சாரதாமணி உதட்டைக் கடித்தாள். கையில் இருந்தது ஒரு பெரிய ற, ஒரு சின்ன ர. இரண்டையும் நீட்டினால் அலுவலர் ஒப்புக்கொள்வாரா?

அவள் அதைக் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் தமிழ்ச்செல்வி உடைந்துபோனாள். வெட்டறைக் கதவைக் கையால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு வேப்பமரத்தடிக்குப் போனாள். ஜெகதீஸ்வரன் முன்னால் நின்றாள்.

"குடுங்க சார். கையெழுத்துப் போட்டுடறேன். கோழிய நீங்களே எடுத்துக்குங்க. எனக்கு இந்த அலைச்சலெல்லாம் ஆகாது."

ஜெகதீஸ்வரன் காகிதத்தை எடுத்தார். மனிதருக்குச் சந்தோஷம் காது வரைக்கும் போனது. பேனாவின் மூடியைக்கூடக் கழற்றிவிட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, திரும்ப மூடினார்.

"இன்னைக்கு வேண்டாமுங்க அம்மிணி. நாளைக்குக் காலையில நல்ல நேரத்துல போட்டுக்கலாம். இன்னைக்குக் கரிநாள்."

ஈஸ்வர் சிரித்துவிட்டான். "கரிநாள் போயி எத்தனை நாளாச்சுங்க. பொங்கக் கரும்பே காஞ்சு போச்சு."

ஜெகதீஸ்வரன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். தன் போனில் நாட்காட்டியைத் திறந்து பாடமே எடுத்தார். கரிநாள் என்றால் கறி தின்கிற நாள் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அப்படி இல்லை. பஞ்சாங்கப்படி எல்லா மாதத்திலும் கரிநாள் உண்டு, அன்றைக்கு நல்ல காரியம் தொடங்கக் கூடாது. தையில் முதல் மூன்று நாளும் கரிநாள். அப்புறம் இன்றைக்குப் பதினொன்று, பிறகு பதினேழு. அவர் கரிநாளில் செருப்புக்கூட வாங்கமாட்டார்.

முதல் மூன்று நாளும்.

ஆக மாட்டுப் பொங்கலும் கரிநாள்தான், காலண்டரில் மட்டும். கறி தின்கிறவனுக்குக் கரிநாளைச் சொல்வது வயிறு. இவருக்குச் சொன்னது காலண்டர்.

ஆனால் காலண்டர் பார்ப்பது குற்றமில்லை. அவள் சட்டென்று முகத்தில் அசட்டுத்தனத்தை வரவழைத்துக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்தால் குழந்தைகூட அவளிடம் மிட்டாயை நம்பி ஒப்படைக்கும். அலுவலரிடம் போய், அந்தப் பலகை கேட்டில் எப்படி இருந்தது என்பதை நேரிலேயே செய்து காட்ட அனுமதி கேட்டாள். உஷாராணி கையைக் கட்டிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

பலகையைத் தூக்கி வந்து வேப்பமரத்தில் சாத்தினாள், ஜெகதீஸ்வரனின் மூக்குக்கு நேராக. சாக்பீஸை எடுத்துக் கோணல்மாணலாக எழுதினாள்:

*இண்ணைக்கு கறிநாள் சிரப்பு.*

ஜெகதீஸ்வரனின் நெற்றியில் ஒரு நரம்பு எழுந்தது. பார்வையை வேறு பக்கம் திருப்பினார். திருப்பிய பார்வை தானாகவே திரும்பி வந்தது.

சாரதாமணி அடுத்த வரியைத் தொடங்கினாள்:

*வெட்டுன கோளி கெடைக்கும்.*

அந்த 'கோளி'யில் மனிதர் போய்விட்டார். சாம்பாரில் எலும்பைப் பார்த்ததுபோல் முகம் கோணியது. எழுந்தேவிட்டார்.

"என்னங்க இது, தமிழை இப்படியா கொல்றது. குடுங்க இங்க."

சாக்பீஸைப் பிடுங்கினார், கைக்குட்டையால் பலகையைத் துடைத்தார். "முதல்ல 'இன்று'. அப்புறம் சின்ன ர. இது கறி இல்லை, கரிநாள். 'வெட்டுன கோளி'யாம். அந்த மாதிரியா இருக்கும்? 'வெட்டிச் சுத்தம் செய்த நாட்டுக்கோழி'. அதுல 'ச்' வரணும், விட்டுட்டா அசிங்கம்."

எழுதி முடித்துவிட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்துத் தன் எழுத்தை ரசித்தார்.

தோட்டத்தில் இருந்த அத்தனை கோழியும் அந்த நேரம் பார்த்து வாயை மூடிக்கொண்டன.

உஷாராணி தன் போனை எடுத்து, அந்தப் போட்டோவைத் திறந்து, பலகைக்குப் பக்கத்தில் பிடித்தார். போனில் ஒரு வரி, பலகையில் ஒரு வரி. ர அதே ர. ச் அதே ச். முற்றுப்புள்ளி வைத்த இடமும் அதே இடம்.

"நீங்க போட்டோவைப் பாக்கவே இல்லைன்னீங்க," என்றாள் சாரதாமணி.

"யூகிச்சேனுங்க. யாரா இருந்தாலும் இப்படித்தான எழுதுவாங்க."

"இந்த ஊர்ல கோழி விக்கறவங்க யாரும் அந்த 'ச்' போடமாட்டாங்க சார். போட்டா கோழிக்கே புரியாது," என்றான் ஈஸ்வர்.

ஜெகதீஸ்வரன் நாற்காலியில் உட்கார்ந்தார். மறுப்பதற்கு இன்னும் நூறு வழி இருந்தது. தமிழ்ச்செல்வி அவர் முன்னால் வந்து நின்றதும் அந்த நூறும் எங்கோ ஓடிவிட்டன. அவள் கேட்டது ஒன்றுதான். "பதிவு போச்சுன்னா நான் கறி விக்க முடியாது, கோழிய உசுரோட உங்ககிட்டத்தான் கொண்டாந்து தள்ளோணும். அதுக்குத்தானுங்க?"

அவர் தலையை நிமிர்த்தவில்லை. மாட்டுப் பொங்கல் அன்று ஊர் பட்டிக்குப் போன நேரம் பார்த்து வந்ததையும், எழுதிப் படம் எடுத்துவிட்டு அழித்ததையும் மெல்லச் சொன்னார். "பொய் எழுதறோமேன்னுகூட அன்னைக்கு எனக்குத் தோணலைங்க. தப்பா எழுதீறக்கூடாதேன்னுதான் இருந்துச்சு."

அவருடைய செயலிக்கு உரிமம் எங்கே, அதில் வருகிற கறி எங்கே வெட்டப்படுகிறது என்று உஷாராணி விசாரித்தார். நாளைக்குக் காகிதங்களோடு அலுவலகத்துக்கு வரச் சொன்னார். பொய்ப் புகாருக்கு என்ன செய்வது என்பதும் அங்கேயே முடிவாகும் என்றார். ஜெகதீஸ்வரன் கார் ஏறியபோது ஈஸ்வர் ஓடிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு, நாளைக்கு ராகுகாலம் எப்போது என்று அக்கறையோடு விசாரித்தான்.

மரத்தடியில் தமிழ்ச்செல்வி இன்னும் நகராமல் நின்றாள். அலுவலர் தன் பையை மூடிவிட்டு அவளிடம் வந்தார்.

"உங்க மேல இருந்த புகார் முடிஞ்சுது. பதிவு அப்படியே இருக்குது."

"அப்ப நாளையிலிருந்து வெட்டலாமுங்களா?"

"நாளைக்கு எதுக்குங்க? இப்பவே வெட்டலாம்."

கேட்டுக்கு வெளியே சேலத்திலிருந்து வந்த கார் ஒன்று நெடுநேரமாகக் காத்திருந்தது. உள்ளே இருந்த அம்மாள் தூக்குப்பாத்திரமும் கையுமாக எட்டிப் பார்த்து, முந்தாநாள் வந்தப்போ உயிரோடுதான் தருவேன்னுட்டீங்க, இன்னைக்காவது கறி உண்டா என்று கேட்டாள்.

தமிழ்ச்செல்வி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். வெட்டறைக் குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே அவள் குரல், மூன்று நாளைக்குப் பிறகு, கேட் வரைக்கும் போனது.

"உண்டுங்க. வாங்க."